முனியாண்டி மலையில் ஒரு காதும் ஒரு வாயும்

“மூக்கு மட்டுந்தாங்க என்னுது. மத்ததெல்லாம் அவ அம்மா பக்கம்.”

தோட்டத்து ஒப்பீசில் கணக்கெழுதும் கிளாக்கர் இரத்தினசபாபதி ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்டது லொறிக்கு இன்றைக்கு எத்தனை லீட்டர் டீசல் என்றுதான்.

“இருளப்பன், உங்கட பேத்தி பிறந்து பதினொரு நாள். பதினொரு நாளா நான் உந்த மூக்கைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். டீசலைச் சொல்லும்.”

“முப்பது போடுங்க. கொட்டாவி விட்டாக்கூட அழகுங்க ஐயா.”

பேத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு கொப்பி போதாது. ஆனால் இது என் மூத்த மகள் ஜீவராணியின் கதை. எஹலியகொடைக்கு மேலே எங்கள் உடகொல்லைத் தேயிலைத் தோட்டம். அங்கே அவள் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் அவர்களுடைய கைக்குழந்தைகள் பதினாலும் மாலை நாலரை மணி வரை அவள் பொறுப்பு. நான் தோட்டத்து லொறி ஓட்டுகிறேன். ஜீவராணியின் தம்பி ஸ்ரீதரனுக்குத்தான் இப்போது மகள் பிறந்திருக்கிறாள். எனக்கு முதல் பேத்தி.

ஜீவராணிக்கு ஏழு வயதாக இருக்கும்போது தீபாவளிக்கு ஒரு ரேடியோ வாங்கினேன். மூன்றாம் நாள் வேலை விட்டு வந்து பார்த்தால் அதைப் பாயில் பரப்பி வைத்திருந்தாள். அடிக்கக் கையை ஓங்கினேன்.

“பொறுங்கப்பா. இதுக்குள்ள தேவையில்லாத சாமான் நெறைய இருக்கு” என்றாள்.

திரும்பப் பூட்டினாள். நாலு ஸ்க்ரூ மிஞ்சியது. ரேடியோ முன்னைவிட நன்றாகப் பாடியது. அன்றிலிருந்து அவள் எதைத் திறந்தாலும் ஏதாவது மிஞ்சும். மிஞ்சியதை ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைப்பாள். தோட்டத்தில் பாதிப் பேருடைய ரேடியோ, டோர்ச், மணிக்கூடு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அந்தப் போத்தலில் இருக்கின்றன. ஒருவரும் இதுவரை திருப்பிக் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. பிள்ளைக் காம்பரா ரேடியோ பழுதானபோது எஹலியகொட டவுனில் ஸம்சுதீன் பாயின் கடைக்கு அதை எடுத்துப்போனாள். பாய் ஒவ்வொன்றாகக் கழற்ற, இவள் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டிருக்கிறாள். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்த பாய் எழுந்து நாற்காலியைத் தூசி தட்டிவிட்டு, “நீங்க உட்காருங்க தங்கச்சி, நான் டீ குடிச்சிட்டு வாறேன்” என்றாராம். அவர் திரும்பி வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சியிருந்தது.

இனி மலை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். கீழே ஸ்டோர். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். மேலே மேற்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு. நடுவில் முனியாண்டி மலை. நான் லொறியோடு ஏறுகிற நேரம் பார்த்து கபூர் டிராக்டரோடு இறங்குவான். வளைவில் மூக்கும் மூக்கும் முட்ட நிற்போம். யார் பின்னால் எடுப்பது என்று தீர ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தடவை கபூர் பாதையில் சாக்கை விரித்துப் படுத்தே விட்டான். அதற்குள் மூட்டையில் கொழுந்து சூடேறிக் கறுத்துவிடும். ஸ்டோரில் எனக்குத்தான் திட்டு விழும்.

இதற்காகத்தான் தோட்டத்து மேனேஜர் துரை, ஒருவரோடொருவர் பேசுகிற ரேடியோ வாங்கினார். நாட்டில் யுத்தம் நின்று ஒன்றரை வருஷமாகிறது, கெடுபிடி குறைந்திருந்தது. கொழும்பில் அனுமதிக் கடிதமும் முறையாக எடுத்தார். ஸ்டோரில் ஒன்று, லொறியில் ஒன்று, டிராக்டரில் ஒன்று, மேற்கணக்கில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒன்று. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது. கபூரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்ட ஒரே இடம் அந்த வளைவு.

“அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?”

“உன் முன்னாலடா.”

மலையைத் தாண்டிப் பேச வைக்கிற பெட்டி ஒன்று கொழும்பில் இருக்கிறதாம். துரை அதன் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அடுத்த நாள் ஜீவராணி இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒப்பீசுக்கு வந்தாள். நானும் அங்கே டீசலுக்கு நின்றேன்.

“ஐயா, உடைக்கப் போன ரெண்டு லொறியில கழட்டின பழைய பேசுற ரேடியோ ரெண்டு ஸ்டோர் மூலையில கெடக்குது. அதைச் சோடி சேர்த்து மலை உச்சியில வச்சாப் போதும்” என்றாள்.

“ரெண்டு என்னத்துக்குப் பிள்ளை?” என்றார் கிளாக்கர் ஐயா.

“ஒண்ணு காது, ஒண்ணு வாய். நாம எல்லாரும் ஒரு நம்பர்ல பேசுவோம். அதைக் காது கேட்டு, வயர் வழியா வாய்க்குக் குடுக்கும். வாய் அதையே இன்னொரு நம்பர்ல மலைக்கு ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி சொல்லும். நாம எல்லாரும் வாய் சொல்றதைத்தான் கேப்போம். காதுக்காரன் பேசக்கூடாது. வாய்க்காரன் கேக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

“எங்கட வீட்டிலயும் உந்த ஒழுங்குதான்” என்றார் ஐயா. “நான் துரையிட்டச் சொல்லுறன்.”

இரண்டு நம்பருக்கும் அனுமதி இருக்கிறதா என்று துரை கடிதத்தைப் பார்த்தார். இருந்தது. சரி என்றார்.

அன்று மாலைதான் பேர்ச் சண்டை வந்தது. பிள்ளைக்கு முப்பதாம் நாள் பேர் வைக்கிறோம். எங்கள் வழக்கத்தில் அத்தைதான் பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். நான் என் அம்மா பேரை வைக்கச் சொன்னேன். வெள்ளையம்மா. இந்தத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். அவளை யாரும் ஒரு படம் பிடித்ததில்லை. அவளுடையது என்று காட்ட அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம். எனக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளில்லை.

“டிலுக்ஷிகா” என்றாள் ஜீவராணி.

“என்னது?”

“டிலுக்ஷிகா. பேரு.”

“அதைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள ரோட்டுக்கு ஓடிரும்.”

“வெள்ளையம்மான்னு வச்சா ஸ்கூலுக்கே போகாது.”

பிள்ளையின் தாய் நிரோஷா பாலூட்டிக்கொண்டே சொன்னாள்: “மாமா, அண்ணி, ரெண்டு பேரும் வெளியில போய்ச் சண்டை போடுங்க. இப்பத்தான் கண்ணை மூடினா.”

வெளியே போய்ச் சண்டை போட்டோம்.

“முதல்ல ஒன் பெட்டியைப் பேச வையிடி. அப்புறம் புள்ளைக்குப் பேரு வைக்கலாம்” என்றேன்.

“பேசிருச்சின்னா?”

“பேசினா பேரு ஒன் இஷ்டம். முப்பதாம் நாள் காலையில, பேர் வைக்கிறதுக்கு முன்ன, நாம பேசுறது பெட்டி வழியா கிளாக்கர் ஐயா காதுல தெளிவா விழணும். விழலைன்னா வெள்ளையம்மா.”

“கையில அடிங்க.”

அடித்தேன். பத்தொன்பது நாள் இருந்தது.

வேலை பிள்ளைக் காம்பராவிலேயே நடந்தது. காதையும் வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாய் சொல்வதைக் காது கேட்டு, அதை மறுபடி வாய்க்குக் கொடுத்து, இரண்டும் சேர்ந்து ஊளையிடும். இது அவளுக்கு முதல் நாள் தெரியாது. இரண்டையும் ஒரே தொட்டிலில் படுக்க வைத்துப் பேட்டரியைக் கொடுத்தாள். ரேடியோ ஊளையிட்டது. பதினாலு குழந்தைகளும் கூட ஊளையிட்டன. மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள். பின்னாலேயே கங்காணி ஓடி வந்தார். அன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்துபோனது.

“ரெட்டைப் புள்ளைங்க மாதிரிதான்” என்றாள் ஜீவராணி. “தள்ளித் தள்ளிப் படுக்கப் போட்டாத் தூங்கிரும்.”

குழந்தைகளுக்கு பிஸ்கட் வருகிற பெரிய சதுரத் தகரங்கள் இரண்டை எடுத்தாள். காதுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. மூடியைச் சுற்றி ஈயம் பற்ற வைத்தாள். காது கேட்டதும் வாயின் பட்டனை அமுக்க ஒரு சின்னச் சுவிட்சு வேண்டும். அது உடைந்த லொறியின் ஹோர்னிலிருந்து வந்தது. பேசும்போதெல்லாம் தகரத்துக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு குழந்தை சிரிக்கும். அதனால் அதைப் பரிசோதிக்கிற வேலையை அவள் தினம் பத்துத் தடவை செய்தாள்.

பிள்ளை பிறந்த பதினேழாம் நாள் பெட்டியை மலைக்கு ஏற்றினோம். உச்சியில் பாதையோரம் முனியாண்டி பீடம். திருட்டுப் பயம் இல்லாத இடம் அது ஒன்றுதான். காதையும் அதன் கம்பியையும் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தள்ளி நின்ற ஒரு பலா மரத்தில் கட்டினாள். வாயைப் பீடத்துக்குப் பின்னால் வைத்தாள். பூசாரியும் ஒத்துக்கொண்டார். மீதி வேலையைத் தானே முடிப்பதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை லொறியை வழக்கம்போல் சாமிக்கு முன்னால் நிறுத்தினேன். பழைய சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு புதிய சூலம் பளபளவென்று நின்றது. மூன்று கம்பி. நுனியைச் சாய்வாக வெட்டியிருந்தார்கள். லொறிப் படியிலோ பீடத்துப் படியிலோ ஏறினால் கை எட்டும் உயரம். இடம் கொடுத்த சாமிக்கு மகள் நேர்ந்து செய்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. லொறிக்காரர் எல்லோரும் அங்கே எலுமிச்சம்பழம் குத்திவிட்டுத்தான் இறங்குவோம். நானும் ஒரு பழத்தைப் புதுச் சூலத்தின் நடுக் கம்பியில் குத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

“முனியாண்டி, அந்தப் பெட்டி பேச வேணாம். என் அம்மா பேரைக் காப்பாத்து.”

கொஞ்ச நேரம் கழித்து லொறி ரேடியோவில் மடுவத்தைக் கூப்பிட்டேன். கர்... என்றது. ஸ்டோரைக் கூப்பிட்டேன். அதுவும் இல்லை. எனக்கு உடம்பு புல்லரித்தது. இந்த முப்பது வருஷத்தில் முனியாண்டி எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதே கிடையாது.

நல்ல விஷயத்தை மனதுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியாது. என்ன வேண்டினேன் என்று மட்டும் சொல்லாமல், புதுச் சூலம் கைமேல் பலன் என்று மேற்கணக்குப் பெண்களிடம் சொன்னேன். அடுத்த நாள் ஐந்து பழம். அதற்கடுத்த நாள் ஒன்பது. மத்தியானப் பூசைக்குப் பூசாரி வந்து எல்லாப் பழத்தையும் கழற்றிக் கொண்டுபோய்விடுவார். அவர் வீட்டில் ஊறுகாய் போட ஜாடி போதவில்லை.

பாவம், ஜீவராணிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. காலையில் பெட்டி ஊமை. மாலையில் வேலை விட்டு அவள் மலையேறிப் பார்த்தால் மணிமணியாகப் பேசுகிறது. அந்த நேரத்தில் கிளாக்கர் ஐயா வீட்டுக்குப் போயிருப்பார். ஸ்டோர் ரேடியோவுக்கு முன்னால் காவல்காரர்தான் இருப்பார். அவர் யார் எது சொன்னாலும் “ஆமா, ஆமா” என்பார். அவரைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று நான் சொல்லிவிட்டேன்.

“காலைப் பனியா இருக்குமோ?” என்று தகரத்தைப் பழைய பிளானல் துணியால் சுற்றினாள். பேசவில்லை. குடை கட்டினாள். பேசவில்லை. கடைசியில் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல் தகரத்தின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்தாள்.

“யாரோ கண்ணு வச்சிட்டாங்கப்பா.”

“இருக்கும், இருக்கும்” என்றேன்.

இதற்கு எனக்கும் கூலி கிடைத்தது. பெட்டி வழியாக அல்லாமல் யாரும் யாரையும் கேட்க முடியாது என்பதால் காலையில் எல்லா ரேடியோவும் செத்துக் கிடந்தது. வளைவில் நானும் கபூரும் பழையபடி முட்டிக்கொண்டோம். இப்போது அவன் தலையணையும் கொண்டு வந்தான்.

முப்பதாம் நாள் வந்தது. நல்ல நேரம் பத்து மணிக்கு. ஜீவராணி லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே என்னோடு லொறியில் ஏறினாள். பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் குறடு. கிளாக்கர் ஐயா ஸ்டோரில் ரேடியோவுக்கு முன்னால் காத்திருந்தார்.

பீடத்தை ஒட்டி லொறியை நிறுத்தினேன். அவள் தகரத்தைப் பார்க்கப் பின்னால் போனாள்.

“நான் சொன்னதும் ஐயாவைக் கூப்பிடுங்கப்பா.”

நான் மைக்கை எடுத்துக்கொண்டு லொறிப் படியில் நின்றேன். மைக்கின் சுருட்டை வயர் அவ்வளவு தூரம் வரும். ஆனால் சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு கும்பிடாமல் இருக்க முடியுமா? மைக்கைக் கக்கத்தில் இடுக்கினேன். மடியிலிருந்த பழத்தை எடுத்துக் குத்தினேன். கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன்.

“அப்பா.”

“பொறு, சாமி கும்பிடுறேன்.”

“பழத்தை எதுல குத்தினீங்க?”

“சூலத்துல.”

“அது சூலம் இல்லப்பா. வாயோட ஏரியல். ஸம்சுதீன் பாய் படம் போட்டுக் குடுத்து, ஸ்டோர் ஃபிட்டர் வெட்டினது.”

கண்ணைத் திறந்தேன். மூன்று கம்பியிலும் மாலை கட்டியதுபோல் பழம். எண்ணிப் பார்த்தாள். பதினேழு. சாறு கம்பி வழியாக வழிந்துகொண்டிருந்தது.

“மயிரிழை அளவு பார்த்து வெட்டின கம்பிப்பா! ஈரப் பழத்தைக் குத்தினா அளவே மாறிப்போகும். பேச்சு வெளியில போகாம திரும்பி வந்து பெட்டியைத்தான் சுடும். தொட்டுப் பாருங்க, கொதிக்குது!” திட்டத் திட்டப் பழங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் லொறிக்குள் எறிந்தாள். சேலைத் தலைப்பால் கம்பியைத் துடைத்தாள். “தெனமும் குத்துறீங்களா?”

“நான் ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் பொம்பளைங்க.”

“தெனமும் நின்னு என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“குடும்பம் நல்லா இருக்கணும்னு...”

“சாமி முன்னால நிக்கிறீங்கப்பா.”

முனியாண்டியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டி பேசக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.”

அவள் குறட்டைக் கீழே போட்டாள். எனக்கு வெட்கத்தில் கை இரண்டும் தொங்கிப்போனது. கக்கத்திலிருந்து மைக் விழுந்தது; இவ்வளவு நேரமும் அதன் பட்டன் அங்கே அமுங்கியே இருந்திருக்கிறது. அது விழுந்ததும் லொறிக்குள் ரேடியோ உயிர் பெற்றது.

“இருளப்பன், ஸ்டோரில இருந்து கதைக்கிறன். பெட்டி பேசக்கூடாது எண்டு முனியாண்டியிட்ட நீர் கேட்டனீராம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக் கேட்டது. அதை எனக்குப் பெட்டிதான் சொன்னது.”

அதற்குப் பின்னாலேயே மலைக்கு அந்தப் பக்கமிருந்து கபூரின் குரல் வந்தது: “அண்ணே, நானும் ஒரு பழம் குத்தினேன். வளைவுல படுக்கிற சுகம் போயிடக் கூடாதுதானே!”

மடுவத்திலிருந்து யார் யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது. ஜீவராணி பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கொண்டைப் பூ கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

பத்து மணிக்கு எங்கள் லயத்து வீட்டு வாசலில் பேர் வைத்தோம். ஜீவராணி பிள்ளையை மடியில் வைத்து, வெற்றிலையால் காதை மறைத்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாள். டிலுக்ஷிகா. டிலுக்ஷிகா. டிலுக்ஷிகா. பேத்தி கொட்டாவி விட்டாள். கையில் அடித்துக் கொடுத்த வாக்கு. ஒரு மூலைக்குப் போய் அந்தப் பேரை நானும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் வேறு வேறு பேராக வந்தது. அம்மா பேர் மட்டும் நாக்கிலேயே நின்றது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வந்த கிளாக்கர் ஐயா இலையில் உட்காரும் முன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“பிள்ளை, துரை இதை இண்டைக்கே கொழும்புக்கு அனுப்பச் சொன்னவர். ஒவ்வொரு ரேடியோவுக்கும் கூப்பிடுற பேர் எழுத வேணும். ஸ்டோர், லொறி, டிராக்டர், மடுவம் எல்லாம் போட்டாச்சு. மலையில இருக்கிற பெட்டிக்கு மட்டும் பேர் இல்லை. இனி ஆர் கதைக்கிறதெண்டாலும் முதல்ல அதைக் கூப்பிட்டுப் பாத்துப்போட்டுத்தான் கதைக்க வேணுமாம். என்னெண்டு போட?”

ஜீவராணி பேத்தியைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“வெள்ளையம்மான்னு போடுங்க ஐயா. அவங்களைக் கூப்பிடாம இந்தத் தோட்டத்துல இனி ஒரு வண்டியும் நகரக்கூடாது.”